ஈ-டைப்பையும் கார்வெட்டையும் ஒரே தராசில் வைப்பது எப்படி?

பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள்மேல் புதிதாக ஆர்வம் வந்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: ஜாகுவார் ஈ-டைப் போன்ற பிரிட்டிஷ் வண்டி நல்லதா, செவ்ரோலே கார்வெட் போன்ற அமெரிக்க வண்டி நல்லதா? ஒருவர் குதிரைத்திறனைச் சொல்வார். இன்னொருவர் வளைவில் திரும்பும் அழகைச் சொல்வார். இருவர் சொல்வதும் உண்மைதான், ஆனால் பேச்சு அதற்குமேல் நகராது. 1949-ன் சின்ன பிரிட்டிஷ் வண்டியான எம்ஜி டிசி ஒன்றையும் 1969 கார்வெட் ஒன்றையும் பக்கத்தில் நிறுத்தி, எது வென்றது என்று பார்ப்பதால் இரண்டைப் பற்றியும் எதுவும் தெரியப்போவதில்லை.

சாலை, வரி, பெட்ரோல், சட்டம். இந்த நான்கும் சேர்ந்து ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு நாட்டிலும் பொறியாளர்களுக்கு ஒரு கணக்கைக் கொடுத்தன. கார் என்பது அந்தக் கணக்குக்கு அவர்கள் எழுதிய விடை. கணக்கைப் படிக்காமல் விடைக்கு மதிப்பெண் போடக் கூடாது என்பதே இந்தக் கட்டுரையின் ஒரே பிடிவாதம். கையில் ஒரு நோட்டுப் புத்தகமும் கால்குலேட்டரும் இருந்தால் போதும், ஆரம்பிக்கலாம்.

முதல் படி: ஜோடியைப் பொருத்துவது

வெளிவந்த ஆண்டு, அன்றைய விலை, எந்த வேலைக்காக வாங்கினார்கள் என்பது. இந்த மூன்றும் ஓரளவாவது ஒத்துப்போகும் இரண்டு வண்டிகளைத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் வந்த எம்ஜி டிசிக்கு (1945–1949) அமெரிக்காவில் நேர் எதிராளி கிடையாது. 1,250 சிசி, 54 குதிரைத்திறன், மரச்சட்டத்தின்மேல் தகடு அடித்த பாடி, ஏறக்குறைய பத்தாயிரம் வண்டிகள், அத்தனையும் வலது பக்க ஸ்டியரிங். அப்படியிருந்தும் அமெரிக்கர்கள் அதைத் தேடி வாங்கினார்கள், ஏனென்றால் அவர்கள் ஊரில் அப்படி ஒரு வண்டி விற்பனையில் இல்லை. கிட்டத்தட்ட அதே வகையில் வரக்கூடியது 1949-ல் வந்த கிராஸ்லி ஹாட்ஷாட். முக்கால் லிட்டருக்கும் குறைந்த இன்ஜின் கொண்ட அந்தச் சின்ன வண்டி 1950-ன் கடைசி நாளில் அமெரிக்காவின் செப்ரிங்கில் நடந்த ஆறு மணி நேரப் பந்தயத்தில், சின்ன இன்ஜினுக்குச் சலுகை தரும் ஹாண்டிகேப் கணக்கில் முதலிடம் பிடித்தது. அமெரிக்கா என்றாலே பெரிய இன்ஜின் என்று நினைப்பவர்கள் இந்த வண்டியைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

புதியவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது ஜாகுவார் எக்ஸ்கே120, 1953 கார்வெட் ஜோடியை. எக்ஸ்கே120 1948 லண்டன் மோட்டார் ஷோவில் அறிமுகமானது. 3.4 லிட்டர், வரிசையாக ஆறு சிலிண்டர், இரட்டை ஓவர்ஹெட் கேம் (வால்வுகளைத் திறக்கும் இரண்டு தண்டுகளும் சிலிண்டர்களுக்கு மேலேயே), 160 குதிரைத்திறன். கார்வெட் 1953 ஜனவரியில் நியூயார்க்கில் ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய கண்காட்சியில் தலைகாட்டி, ஜூன் மாதம் உற்பத்திக்கு வந்தது. 3.9 லிட்டர் ஆறு சிலிண்டர், 150 குதிரைத்திறன், ஃபைபர் பாடி. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான தூரம் இரண்டிலும் 102 அங்குலம். எடையும் ஏறக்குறைய 1,300 கிலோதான். காகிதத்தில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரித் தெரியும். ஓட்டுபவருக்கோ ஜாகுவாரில் நான்கு கியர் கையால் மாற்றும் பெட்டி, கார்வெட்டில் இரண்டே கியர் கொண்ட ஆட்டோமேட்டிக். அந்த ஒரு வித்தியாசம் வண்டியின் குணத்தையே மாற்றிவிட்டது. 1953-ல் 300 கார்வெட்டுகளே தயாரானதால் பிரச்சினை வெளியே தெரியவில்லை. 1954-ல் 3,640 தயாரித்தபோது நிறைய வண்டிகள் விற்காமல் தேங்கின. 1955-ல் வெறும் 700. அந்த ஆண்டு வந்த வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜினும், ஸோரா ஆர்க்கஸ்-டன்டாவ் என்ற பொறியாளரின் விடாப்பிடியும் இல்லாதிருந்தால் கார்வெட் என்ற பெயர் அதோடு முடிந்திருக்கும்.

ஜோடி சேர்ப்பதில் இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, ஃபோர்டு மஸ்டாங்கை ஈ-டைப்புக்கோ, எம்ஜியின் பிற்கால வண்டியான எம்ஜிபிக்கோ எதிரே நிறுத்தாதீர்கள். 1964 ஏப்ரலில் வந்த மஸ்டாங் நான்கு பேர் உட்காரும் குடும்பக் காரின் பாகங்களில் பிறந்தது. அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் சங்கமே அதை ஸ்போர்ட்ஸ் கார் என்று ஏற்கவில்லை. கரோல் ஷெல்பி பின் சீட்டைக் கழற்றி 1965-ல் ஜிடி350 ஆக்கிய பிறகுதான் அந்தச் சங்கத்தின் ஸ்போர்ட்ஸ் கார் பந்தயப் பிரிவில் இடம் கிடைத்தது. ஜிடி350-ஐ ஒப்பிடலாம், சாதாரண மஸ்டாங்கை வேண்டாம். இரண்டாவது, அமெரிக்க வண்டியின் ‘மாடல் ஆண்டு’ முந்தைய ஆண்டின் இலையுதிர் காலத்திலேயே தொடங்கிவிடும். 1963 கார்வெட் 1962-லேயே கடைக்கு வந்தது. பிரிட்டிஷ்காரர்கள் ஆண்டைவிட ‘மார்க் 1’, ‘மார்க் 2’, ‘சீரிஸ் 1’ என்றே பிரிப்பார்கள். நோட்டில் இரண்டையும் எழுதி வையுங்கள்.

இரண்டாம் படி: எண்களை ஒரே அளவுக்குக் கொண்டுவருவது

இதைச் செய்யாமல் ஒப்பிட்டவர்களின் முடிவுகளை நம்பவே நம்பாதீர்கள்.

எளிதானவற்றை முதலில் முடிப்போம். அமெரிக்க இன்ஜின் அளவு கன அங்குலத்தில் இருக்கும்; 16.39-ஆல் பெருக்கினால் சிசி. 327 என்றால் 5.4 லிட்டர், 350 என்றால் 5.7, 427 என்றால் 7 லிட்டர். எடை பவுண்டில் இருந்தால் 0.4536-ஆல் பெருக்கினால் கிலோ. 60 மைல் என்பது 96.6 கிலோமீட்டர், ஆகவே ‘0–60’ நேரத்தை ‘0–100’ நேரத்தோடு கலக்கக் கூடாது.

மைலேஜில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். பிரிட்டிஷ் கேலன் 4.55 லிட்டர், அமெரிக்க கேலன் 3.79 லிட்டர். ஒரு பிரிட்டிஷ் பத்திரிகை ‘கேலனுக்கு 20 மைல்’ என்று எழுதினால் லிட்டருக்கு 7.1 கிலோமீட்டர். அதே 20-ஐ அமெரிக்கப் பத்திரிகை எழுதினால் 8.5 கிலோமீட்டர். ஜாகுவாரைப் பிரிட்டிஷ் ஏட்டிலும் கார்வெட்டை அமெரிக்க ஏட்டிலும் படித்துவிட்டுப் பக்கத்தில் வைத்தால், ஜாகுவாருக்கு இல்லாத சிக்கனத்தை நாமே கொடுத்துவிடுவோம்.

எடையிலும் கவனம் தேவை. சில இடங்களில் பெட்ரோலும் தண்ணீரும் ஆயிலும் இல்லாத வெறும் எடை கொடுத்திருப்பார்கள். சில இடங்களில் ஓடத் தயாராக நிற்கும் எடை. எந்த எடை என்று எழுதப்படாத எண்ணை நோட்டில் பென்சிலால் மட்டும் எழுதுங்கள்.

இனி குதிரைத்திறன். 1971 வரை அமெரிக்கக் கம்பெனிகள் ‘கிராஸ்’ கணக்கில் சொன்னார்கள். இன்ஜினைத் தனியாக மேடையில் பூட்டி, ஏர் ஃபில்டர், ஆல்டர்னேட்டர், காரின் சைலன்சர் என்று சக்தியைத் தின்னும் எதையும் மாட்டாமல் அளந்த எண் அது. 1972-ல் இருந்து ‘நெட்’ கணக்கு, அதாவது எல்லாம் மாட்டியபிறகு மிஞ்சுவது. கார்வெட்டின் அடிப்படை 5.7 லிட்டர் இன்ஜின் 1971-ல் 270 குதிரைத்திறன், 1972-ல் 200. இன்ஜினில் பெரிய மாற்றம் எதுவும் நடக்கவில்லை. மாறியது அளக்கும் முறை. ‘1972-ல் கார்வெட் செத்துப்போனது’ என்று இணையத்தில் எழுதுபவர்களில் பாதிப்பேர் இந்த ஒரு விவரத்தைத் தவறவிட்டவர்கள்.

பிரிட்டிஷ் எண்களும் அப்பழுக்கற்றவை இல்லை. ஈ-டைப்பின் 265-ம் கிராஸ் கணக்குதான். கிராஸை நெட்டாக மாற்ற நம்பத் தகுந்த ஒரே சூத்திரம் என்று ஏதும் இல்லை, ஆகவே கிராஸைக் கிராஸோடும் நெட்டை நெட்டோடும் மட்டும் வையுங்கள். பத்திரிகைச் சோதனைகளையும் அப்படியே விழுங்க வேண்டாம். 1961-ல் ஈ-டைப் மணிக்கு 150 மைல் தொட்டது என்ற செய்தி உலகம் சுற்றியது. சோதனைக்குப் போன வண்டி அதற்கென்றே கவனமாகத் தயார் செய்யப்பட்டிருந்தது. கடையில் வாங்கிய வண்டிகளில் அந்த வேகம் அபூர்வம்.

எல்லாம் ஒரே அளவுக்கு வந்தபிறகு ஒரே ஒரு வகுத்தல் போடுங்கள்: எடையைக் குதிரைத்திறனால் வகுக்க வேண்டும். ஒரு குதிரை எத்தனை கிலோவை இழுக்கிறது என்பதுதான் பிக்கப்பின் முதல் அடையாளம்.

மூன்றாம் படி: வரியையும் சாலையையும் படிப்பது

பிரிட்டிஷ் இன்ஜின்கள் ஏன் சின்னதாக, நீண்ட ஸ்ட்ரோக்கோடு (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்) இருந்தன? இதற்குப் பதில் பொறியியலில் பாதி, வரிச் சட்டத்தில் பாதி இருக்கிறது. ராயல் ஆட்டோமொபைல் கிளப் வகுத்த ஒரு சூத்திரத்தின்படி அங்கே கார் வரி போட்டார்கள்: சிலிண்டரின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, வர்க்கமாக்கி, சிலிண்டர் எண்ணிக்கையால் பெருக்கி, 2.5-ஆல் வகுக்க வேண்டும். பிஸ்டன் எவ்வளவு தூரம் மேலும் கீழும் போகிறது என்பது கணக்கிலேயே கிடையாது. எனவே விட்டத்தைக் குறுக்கி ஸ்ட்ரோக்கை நீட்டினால் வரி குறையும்.

நீங்களே போட்டுப் பாருங்கள். எம்ஜி டிசியின் சிலிண்டர் விட்டம் 66.5 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 90. விட்டம் 2.62 அங்குலம், நான்கு சிலிண்டர், விடை 11. 1955 கார்வெட்டின் வி8-க்கு விட்டம் 3.75 அங்குலம், ஸ்ட்ரோக் 3 அங்குலம், எட்டு சிலிண்டர், விடை 45. அந்த வரிமுறை 1940-களின் கடைசியில் கைவிடப்பட்டுவிட்டது என்றாலும், அதன் நிழலில் வரைந்த இன்ஜின்கள் அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் ஓடின. 1948-ல் வந்த ஜாகுவார் இன்ஜினிலேயே 83-க்கு 106 மில்லிமீட்டர் என்ற நீண்ட ஸ்ட்ரோக்கைப் பார்க்கலாம். அமெரிக்கப் பொறியாளருக்கு அந்தக் கட்டு இல்லை. பெட்ரோல் மலிவு, தூரம் அதிகம், சாலை அகலம். செவ்ரோலே குடும்பக் கார்களுக்காக லட்சக்கணக்கில் வார்த்த அதே இரும்பு வி8-ஐ எடுத்து இரண்டு சீட்டு வண்டிக்குள் வைத்தால், ஒரு குதிரைத்திறனுக்கு ஆகும் செலவு உலகிலேயே குறைவாக வந்தது.

சாலையும் அப்படித்தான். பிரிட்டனில் முதல் மோட்டார்வே 1958-ல்தான் திறக்கப்பட்டது. அதுவரை வேலிகளுக்கு நடுவே வளைந்து போகும் கிராமச் சாலைகள். அங்கே நேர்கோட்டு வேகத்தைவிட, வளைவுக்குள் எவ்வளவு நம்பிக்கையாகப் போய் வெளியே வர முடிகிறது என்பதே பயண நேரத்தை முடிவு செய்தது.

ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். போருக்குப் பிறகு கடனில் இருந்த பிரிட்டிஷ் அரசு, ஏற்றுமதி செய்யும் கம்பெனிகளுக்கே எஃகை ஒதுக்கியது. எம்ஜி, ட்ரையம்ஃப், ஆஸ்டின்-ஹீலி, ஜாகுவார் எல்லோரும் டாலரைத் தேடி அமெரிக்காவுக்கு வண்டி அனுப்பினார்கள். ஆகவே பிரிட்டிஷ், அமெரிக்க வண்டிகளின் உண்மையான போட்டி அட்லாண்டிக் கடலுக்கு இக்கரையும் அக்கரையுமாக நடக்கவில்லை. கலிபோர்னியாவில் ஒரே தெருவில் இருந்த இரண்டு ஷோரூம்களுக்கு நடுவே நடந்தது.

நான்காம் படி: ஒரு ஜோடியை முழுசாகப் பிரித்துப் பார்ப்பது

இதற்கு 1963-ன் ஈ-டைப் 3.8, கார்வெட் ஸ்டிங் ரே ஜோடியைவிடச் சிறந்த பாடம் இல்லை. எனக்கு மிகவும் பிடித்த ஜோடியும் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

முதலில் வகுத்தல். ஈ-டைப் சுமார் 1,230 கிலோ, 265 குதிரைத்திறன்: ஒரு குதிரைக்கு 4.6 கிலோ. ஸ்டிங் ரே சுமார் 1,400 கிலோ; 250 முதல் 360 குதிரைத்திறன் வரை நான்கு இன்ஜின்கள் விற்றதால் நடுவில் உள்ள 300-ஐ எடுத்துக்கொள்வோம்: 4.7 கிலோ. இரண்டுமே கிராஸ் கணக்கு. கிட்டத்தட்ட சமம்! பெருமூச்சு விட வேண்டிய இடம் இது, ஏனென்றால் ஒரே இடத்துக்கு இரண்டு குழுக்களும் முற்றிலும் வேறு வழிகளில் வந்து சேர்ந்திருக்கின்றன.

ஜாகுவார் 3.8 லிட்டரில் இரண்டு ஓவர்ஹெட் கேம், மூன்று எஸ்யூ கார்புரேட்டர் வைத்து லிட்டருக்கு 70 குதிரைத்திறன் பிழிந்தது. செவ்ரோலே 5.4 லிட்டரில் புஷ்ராட் (தண்டு கீழே இருந்து கம்பிகளால் வால்வைத் தள்ளும் எளிய முறை) வைத்து லிட்டருக்கு 56-தான் எடுத்தது. ஆனால் டார்க்கை, அதாவது இன்ஜினின் முறுக்கு விசையைப் பாருங்கள்: ஜாகுவார் 4,000 சுற்றில் 260 பவுண்ட்-அடி, அதாவது சுமார் 350 நியூட்டன் மீட்டர். கார்வெட் 3,200 சுற்றில் 360 பவுண்ட்-அடி, சுமார் 490 நியூட்டன் மீட்டர். கார்வெட்டில் மூன்றாவது கியரில் போய்க்கொண்டே காலை மிதித்தால் வண்டி எழுந்து போகும். ஜாகுவாரில் அதே வேகத்துக்கு இன்ஜினைப் பாடவிட வேண்டும். எது இன்பம் என்பது ஓட்டுபவரைப் பொறுத்தது.

சேஸியைப் பாருங்கள். ஈ-டைப்பின் நடுப்பகுதி தகட்டால் ஆன ஒற்றை உடல். இன்ஜினைச் சுமக்க முன்னால் சதுரக் குழாய்களால் ஆன சட்டம். பந்தய டி-டைப்பில் இருந்து வந்த யோசனை அது. வடிவத்தை வரைந்த மால்கம் சேயர் விமானத் துறையில் இருந்து வந்தவர், காற்று எப்படி வழுக்கிப் போகும் என்று கணக்குப் போட்டு வரைந்தவர். கார்வெட்டில் ஏணி மாதிரியான எஃகு சேஸி, அதன்மேல் எஃகுக் கூண்டு, அதற்குமேல் ஃபைபர் பாடி. பின் சக்கரங்கள் இரண்டு வண்டியிலும் தனித்தனியாக ஆடும். அன்றைக்கு இந்த விலையில் இது பெரிய விஷயம். ஜாகுவார் பின்னால் நான்கு காயில் ஸ்பிரிங் வைத்தது. செவ்ரோலே குறுக்காக ஒரே பட்டை ஸ்பிரிங் வைத்தது. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் பின்பக்கத்தைக் கீழே குனிந்து பார்த்தவர்களுக்குக் குறுக்குப் பட்டை புதிதல்ல. அந்த ஹெரால்டின் சேஸியைச் சுருக்கித்தான் பிரிட்டனில் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் 1962-ல் வந்தது. ஆனால் கார்வெட்டின் அமைப்பு அதைவிடப் பல மடங்கு தேர்ந்தது. ஹெரால்டில் சக்கரம் அச்சோடு சேர்ந்து சாயும். கார்வெட்டில் கூடுதல் கம்பிகள் சக்கரத்தை நிமிர்த்திப் பிடிக்கும்.

பிரேக்கில் ஜாகுவார் தெளிவாக முந்தியது. 1953 லெ மான்ஸ் பந்தயத்தை டிஸ்க் பிரேக் பூட்டிய சி-டைப்பால் வென்ற கம்பெனி அது. ஈ-டைப்பில் நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க். ஸ்டிங் ரேயில் நான்கும் டிரம். மலையிறக்கத்தில் இந்த வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது.

கியர்பாக்ஸில் கதை தலைகீழ். ஈ-டைப்பின் முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் (கியர் உரசாமல் மாற உதவும் அமைப்பு) கிடையாது, மாற்றுவதும் மெதுவாகத்தான். ஆரம்பகால வண்டிகளில் தரை தட்டையாக இருந்ததால் உயரமானவர்களுக்குக் கால் வைக்க இடம் போதவில்லை. கார்வெட்டின் நான்கு கியர் பெட்டியைக் குறை சொன்னவர்கள் குறைவு.

விலை: அமெரிக்காவில் கார்வெட் நான்காயிரம் டாலரைத் தாண்டி நின்றது, ஈ-டைப் ஐயாயிரத்து அறுநூறை ஒட்டி. 1963-ல் மட்டும் 21,513 கார்வெட்டுகள் வந்தன. 3.8 லிட்டர் ஈ-டைப் மூன்றரை ஆண்டுகளில் சுமார் 15,500-தான். ஒரு பாகம் உடைந்தால் பக்கத்துத் தெருவிலேயே கிடைக்கும் வசதி எந்த வண்டிக்கு இருந்தது என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடும்.

இப்போது ஒரு சின்னப் பயிற்சி. அதே ஜோடியை 1965-க்கு நகர்த்துங்கள். ஜாகுவார் 4.2 லிட்டர் இன்ஜினோடு எல்லாக் கியருக்கும் சிங்க்ரோமெஷ் கொடுத்து, சீட்டையும் மாற்றிவிட்டது. கார்வெட் நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் கொடுத்துவிட்டது. இரண்டும் தங்கள் பலவீனத்தை ஏறக்குறைய ஒரே நேரத்தில் சரிசெய்துகொண்டன. ‘ஈ-டைப்பா கார்வெட்டா’ என்று யாராவது கேட்டால், ‘எந்த ஆண்டு?’ என்று நீங்கள் திருப்பிக் கேட்க இதுதான் காரணம்.

ஐந்தாம் படி: 1968 முதல் 1980 வரை வண்டி எந்த ஊருக்கு விற்றது என்று பார்ப்பது

இந்தக் காலத்தில் இரண்டு நாட்டு வண்டிகளையும் உருமாற்றியவை அமெரிக்கப் புகைச் சட்டங்களும் மோதல் பாதுகாப்புச் சட்டங்களும். ஒரே பெயரில் இரண்டு வண்டிகள் உலவின. ட்ரையம்ஃப் டிஆர்6 பிரிட்டனில் ஃபியூயல் இன்ஜெக்‌ஷனோடு 150 குதிரைத்திறன். அமெரிக்காவுக்குப் போனதில் கார்புரேட்டர், நூற்றைந்தை ஒட்டித்தான். எம்ஜிபி 1974-ன் கடைசியில் கறுப்பு ரப்பர் பம்பர் மாட்டிக்கொண்டு, பம்பர் உயரம் பற்றிய அமெரிக்க விதிக்காகத் தரையில் இருந்து சுமார் ஒரு அங்குலம் தூக்கப்பட்டது. வளைவில் சாயாமல் போகும் அதன் பழைய குணம் கெட்டது. அமெரிக்காவுக்கான எம்ஜிபியில் ஒற்றைக் கார்புரேட்டர், குதிரைத்திறன் 65-ஐ ஒட்டி விழுந்தது. அதே 1975-ல் 5.7 லிட்டர் கார்வெட் நெட் கணக்கில் 165. மனம் கனக்கும் காலம்தான். ஆனாலும் இந்த வண்டிகளைக் கேலி செய்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. லாஸ் ஏஞ்சல்ஸில் காற்று மூச்சுவிட முடியாதபடி இருந்தது. யாராவது விலை கொடுத்துத்தான் ஆக வேண்டியிருந்தது.

உங்கள் நோட்டில் இந்தக் காலத்து வண்டிகளுக்கு ‘எந்த நாட்டு விற்பனை’ என்று தனிப் பத்தி ஒன்று போடுங்கள்.

ஆறாம் படி: கலப்பு வண்டிகளுக்குத் தனிப் பக்கம்

1951-ல் வந்த நாஷ்-ஹீலி இங்கிலாந்துச் சேஸியும் அமெரிக்க இன்ஜினும் கொண்டது. கப்பல் பயணத்தில் பிரிட்டிஷ் கார் தயாரிப்பாளர் டொனால்ட் ஹீலியும் நாஷ் கம்பெனித் தலைவரும் சந்தித்ததில் பிறந்தது. 1962-ல் ஷெல்பி, ஏசி ஏஸ் என்ற மென்மையான பிரிட்டிஷ் வண்டிக்குள் ஃபோர்டு வி8-ஐ இறக்கி கோப்ரா ஆக்கினார். 1964-ன் சன்பீம் டைகரும் அதே வழி. லெ மான்ஸில் 1966 முதல் நான்கு ஆண்டுகள் தொடர்ந்து வென்ற ஃபோர்டு ஜிடி40-ன் ஆரம்ப வேலைகள் இங்கிலாந்தில் ஸ்லாவ் நகரில் நடந்தன.

இவற்றில் நீண்ட ஆயுள் கொண்டது ஒரு இன்ஜின்தான். அமெரிக்காவின் பியூக் கைவிட்ட 3.5 லிட்டர் அலுமினிய வி8-ஐ 1965-ல் பிரிட்டனின் ரோவர் வாங்கியது. அது மார்கன் பிளஸ் 8-க்குள் போனது, எம்ஜிபி ஜிடி வி8-க்குள் போனது, பிளாக்பூலில் டிவிஆர் கட்டிய வண்டிகளுக்குள்ளும் போனது. பிரிட்டிஷ் வி8-ன் சத்தம் என்று ரசிகர்கள் கொண்டாடுவதில் பெரும்பகுதி டெட்ராய்ட் பக்கத்துப் பிறப்பு.

ஏழாம் படி: 1990-க்குப் பிறகு

இங்கே 1992 டாட்ஜ் வைப்பரையும் டிவிஆர் கிரிஃபித்தையும் சேர்த்துப் பாருங்கள். வைப்பருக்கு 8 லிட்டர் வி10, 400 குதிரைத்திறன். அதன் அலுமினிய பிளாக்குக்கு, அப்போது கிரைஸ்லர் கையில் இருந்த லம்போர்கினி உதவியது. கிரிஃபித்தில் மேலே சொன்ன ரோவர் வி8. இரண்டிலும் ஏபிஎஸ் இல்லை, ஏர்பேக் இல்லை. ஓட்டுபவரை முழுக்க நம்பிய கடைசி வண்டிகளில் இவையும் உண்டு.

1996 லோட்டஸ் எலீஸையும் 1997 கார்வெட்டையும் விலையாலும் வேலையாலும் ஜோடி சேர்க்க முடியாது. ஆனாலும் குணம் புரிய எண்களை எழுதுங்கள்: எலீஸ் 725 கிலோ, 118 குதிரைத்திறன், கார்வெட் சுமார் 1,470 கிலோ, 345 குதிரைத்திறன். ஒரு குதிரைக்கு 6.1 கிலோவும் 4.3 கிலோவும். பசை போட்டு ஒட்டிய அலுமினியச் சட்டத்தால் எலீஸ் எடையை வென்றது. அலுமினியத்தில் வார்த்த புதிய புஷ்ராட் வி8-ஆல் கார்வெட் வேகத்தை வென்றது. 1962 லோட்டஸ் எலானைத் தெரிந்தவர்களுக்கு எலீஸ் அதன் பேரப்பிள்ளை என்று உடனே புரியும்.

2020-ல் கார்வெட் இன்ஜினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்தது; கார்வெட் வரலாற்றிலேயே முதல்முறையாகத் தொழிற்சாலையில் இருந்தே வலது பக்க ஸ்டியரிங்கும் வந்தது. மறுபக்கம் லோட்டஸ் எமிராவில் டொயோட்டா அல்லது மெர்சிடிஸ்-ஏஎம்ஜி இன்ஜின், ஆஸ்டன் மார்ட்டின் வான்டேஜில் ஏஎம்ஜி வி8, மார்கனில் பிஎம்டபிள்யூ. ஜாகுவார் 2008 முதல் டாடா கையில் இருக்கிறது. இந்தக் காலத்துக்கு நாட்டுப் பெயரைவிட, யார் சேஸி, யார் இன்ஜின், யார் முதலீடு என்று மூன்று வரி எழுதுவதே நல்லது.

எட்டாம் படி: நேரில் போய்ப் பார்ப்பது

இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியமும் பியூலியில் உள்ள தேசிய மோட்டார் மியூசியமும் உண்டு. குட்வுட் ரிவைவல் விழாவில் இந்த வண்டிகள் ஓடுவதையே பார்க்கலாம். அமெரிக்காவில் கென்டக்கியின் பௌலிங் கிரீனில் தேசிய கார்வெட் மியூசியம். கார்வெட் தயாராகும் தொழிற்சாலையும் அதே ஊர்தான்.

போகும்போது பொதுவாக அழகை ரசித்துவிட்டுத் திரும்பாதீர்கள். குனிந்து அடிப்பக்கம் பாருங்கள்: பின் அச்சு ஒரே தண்டா, தனித்தனியா? டிஸ்க்கா டிரம்மா? சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே எவ்வளவு இடம்? உரிமையாளர் பானெட்டைத் திறந்து வைத்திருந்தால் கார்புரேட்டர்களை எண்ணுங்கள். ஐட்லிங்கில் இரண்டு வண்டிகளின் சத்தத்தையும் கேளுங்கள்.

வாங்கும் எண்ணம் இருந்தால், பார்வை வேறு மாதிரி இருக்க வேண்டும். எம்ஜிபியில் கதவுக்குக் கீழே ஓடும் தகட்டுப் பெட்டிதான் வண்டியின் முதுகெலும்பு. அது துருப்பிடித்திருந்தால் பளபளக்கும் பெயின்டுக்கு மதிப்பில்லை. ஈ-டைப்பில் முன் குழாய்ச் சட்டத்தையும் தரைத் தகட்டையும் பாருங்கள். எலானில் நடுவே ஓடும் தகட்டுச் சேஸி. கார்வெட்டில் ஃபைபர் துருப்பிடிக்காது என்று நிம்மதி அடைய வேண்டாம். உள்ளே மறைந்திருக்கும் எஃகுக் கூண்டு துருப்பிடிக்கும், வெளியே எதுவும் தெரியாது. 1960-களின் நடுப்பகுதி வரை வந்த பல பிரிட்டிஷ் வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும்; தெரியாமல் புது ஸ்டீரியோ மாட்டினால் புகைந்துவிடும்.

காகிதங்களையும் கேட்டு வாங்குங்கள். பல பிரிட்டிஷ் வண்டிகளுக்கு கேடன் மியூசியம் தொழிற்சாலைப் பதிவேட்டில் இருந்து எடுத்த சான்றிதழ் தருகிறது. ஜாகுவாருக்கு அதன் பாரம்பரிய அறக்கட்டளை. கார்வெட்டில் இன்ஜினில் குத்தப்பட்ட எண்ணும் வண்டி எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும், விலையில் பெரும்பகுதி அதில்தான் நிற்கிறது. 265, 300, 360 என்று பானெட்டுக்குக் கீழே என்ன இருக்கிறதாகச் சொன்னாலும், முதலில் அந்த எண்ணை டார்ச் அடித்துப் படியுங்கள். பேரம் அதற்குப் பிறகு.